911-க்கு ஊதாங்குழல் எதற்கு?

விறகடுப்பு மந்தமாக எரிந்தால் ஊதாங்குழலை எடுத்து இரண்டு ஊது ஊதினால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். டர்போசார்ஜர் என்பது எஞ்சினுக்கு வைத்த ஊதாங்குழல். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம். பெட்ரோல் கூடினால் சக்தி கூடும். அருமையான கண்டுபிடிப்பு, அதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை எல்லாம், இந்த ஊதாங்குழலை எந்த அடுப்பில் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதில்தான்.

போர்ஷே 911. 1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அறிமுகமானது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் எங்களுக்குச் சொந்தம் என்று பிரான்சின் பியூஜோ கொடி பிடித்ததால் 911 ஆனது. பின்பக்கம் எஞ்சின், ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக் கிடக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு பெரிய விசிறியும் எஞ்சின் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்த ஏற்பாட்டிலேயே 35 வருடம் ஓட்டிவிட்டு 1998 மார்ச்சில் அந்த வரிசையின் கடைசி காரை போர்ஷே முடித்து அனுப்பியது. அதற்குப் பிறகு தொழிற்சாலையிலிருந்து வந்த 911 எல்லாம் தண்ணீரால் குளிர்பவை. அதாவது, காற்றால் குளிரும் 911 இனி ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்கப் போவதில்லை. இருப்பதுதான் இருப்பு.

இந்த இருப்பில்தான் சிலர் கை வைக்கிறார்கள். டர்போ இல்லாமல் பிறந்த 911 SC (1978 முதல் 1983 வரை வந்தது), கரேரா 3.2 (1984 முதல் 1989 வரை) போன்ற கார்களை வாங்கி, கடையில் கிடைக்கும் டர்போ கிட் ஒன்றை மாட்டுவது. எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், இரண்டு மூன்று நாள் வேலை, எடுத்த எடுப்பில் 100 குதிரைத்திறன் கூடும் என்பது வியாபாரிகள் வாக்கு. கேட்கத் தேனாகத்தான் இருக்கிறது.

இது அந்தக் காருக்குச் செய்யும் துரோகம். பழையது என்பதால் தொடக்கூடாது என்ற பூஜை மனப்பான்மையில் சொல்வதல்ல இது. டர்போ என்பது கடையில் வாங்கி மாட்டும் உதிரிபாகம் கிடையாது. பிஸ்டன் முதல் பிரேக் வரை எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றினால்தான் அது வேலை செய்யும். இதை முதலில் சொன்னது வேறு யாருமல்ல, போர்ஷேதான்.

போர்ஷே என்ன செய்தது?

1974 பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே தன் முதல் 911 டர்போவைக் காட்டியது. உள்வட்டாரத்தில் அதன் எண் 930. 3 லிட்டர், 260 குதிரைத்திறன். அந்தக் காரைச் செய்ய இருக்கிற எஞ்சினில் ஒரு டர்போவை மட்டும் மாட்டிவிட்டார்களா? பட்டியலைப் பாருங்கள்.

முதலில் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள். அதாவது பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடத்துக்கும் மேலே வந்தபின் மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம். அதை 6.5-க்கு 1 என்று வைத்தார்கள். எஞ்சினின் உடம்பு (கிராங்க்கேஸ்) அந்தக் காலத்துச் சாதாரண 911-களில் மக்னீசியத்தில் இருந்தது, இதற்கு அலுமினியத்தில் வார்த்தார்கள். டர்போ எஞ்சினுக்குக் கீழ்மட்டத்தில் உட்காருவதால் அதிலிருந்து ஆயில் தானாக வடிந்து திரும்பாது. அதை இழுத்து அனுப்பவே கேம்ஷாஃப்ட்டில் ஓடும் தனி பம்ப் வைத்தார்கள். இருந்த ஐந்து கியர் பெட்டி இந்த இழுவையைத் தாங்காது என்று புதிதாக நான்கு கியர் பெட்டி ஒன்றைச் செய்தார்கள். டயர் அகலமானது, அதை மூட மட்கார்டும் அகலமானது.

அப்படியும் போதவில்லை. 1978-ல் எஞ்சினை 3.3 லிட்டராக்கி, அமுக்கிய காற்றைக் குளிர்விக்க இண்டர்கூலர் வைத்து, 917 பந்தயக் காரின் வழிவந்த பிரேக்கை மாட்டினார்கள். கம்ப்ரஷன் 7-க்கு 1. சக்தி 300 குதிரை.

இப்போது ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. 1984-ல் ஐரோப்பாவில் விற்ற டர்போ இல்லாத கரேரா 3.2-ன் சக்தி 231. பக்கத்திலேயே நின்ற டர்போவின் சக்தி 300. வித்தியாசம் 69. டர்போ பந்தய அனுபவம் கைநிறைய வைத்திருந்த போர்ஷே, பிஸ்டன், கியர்பாக்ஸ், பிரேக், டயர், ஆயில் பாதை எல்லாவற்றையும் மாற்றி எடுத்துக்கொண்டது 69 குதிரை. ஒரு பெட்டிக்குள் குழாயும் டர்போவும் போட்டு விற்பவர் தருவது 100 குதிரை! இதில் யாருக்குக் கணக்கு தெரியவில்லை?

கொஞ்சம் பிளஸ் ஒன் இயற்பியல்

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நாலு அடி அடித்தால் பம்ப்பின் அடிப்பாகம் சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் சூடேறும். பாடப்புத்தகத்தில் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று வருமே, பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துபோனோமே, அதேதான்.

வெளியே 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். டர்போ 0.5 பார் கூடுதல் அழுத்தம் தருகிறது, அதன் திறன் 70 சதவீதம். டர்போவை விட்டு வெளியே வரும் காற்றின் சூடு சுமார் 83 டிகிரி. இந்தக் காற்று இனிமேல்தான் சிலிண்டருக்குள் போய் பிஸ்டனால் மறுபடி அமுக்கப்பட வேண்டும்.

ஐரோப்பிய கரேரா 3.2-ன் கம்ப்ரஷன் 10.3-க்கு 1. டர்போ இல்லாமல் 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கணக்குப்படி சுமார் 500 டிகிரி ஆகும். அதே எஞ்சினில் கிட்டை மாட்டி 83 டிகிரி காற்றை அனுப்பினால் சுமார் 630 டிகிரி. தீப்பொறி விழுவதற்கு முன்பே இத்தனை!

சரி, அதே 83 டிகிரி காற்றை 7-க்கு 1 கம்ப்ரஷன் உள்ள எஞ்சினுக்குள் அனுப்பினால்? மறுபடியும் சுமார் 500 டிகிரி. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. போர்ஷே ஏன் 7 என்ற எண்ணில் போய் நின்றது என்பது இப்போது புரிகிறதா? (இது இலட்சிய வாயுவுக்கான கணக்கு. நிஜ எஞ்சினில் எண்கள் குறையும், ஆனால் வித்தியாசம் எந்தப் பக்கம் போகிறது என்பது மாறாது.)

இந்த 130 டிகிரி என்ன செய்யும்? பிளக்கிலிருந்து சுடர் பரவி வருவதற்குள், மூலையில் காத்திருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாகவே வெடிக்கும். இதற்கு நாக்கிங் என்று பெயர். சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் வரும். அடிபடுவது அலுமினிய பிஸ்டன். கொஞ்ச நாளில் அதன் ஓரம் உடையும், அல்லது நடுவில் ஓட்டை விழும். பின்பக்கம் இருக்கிற எஞ்சினின் சத்தம் ஓட்டுபவர் காதில் விழுவதற்குள் கதை முடிந்திருக்கும்.

அடுத்தது விசிறி. 911-ன் விசிறியைச் சுற்றுவது கிராங்கிலிருந்து வரும் பெல்ட். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதற்கேற்ற காற்றைத்தான் அது ஊதும். 4,000 சுற்றில் டர்போ இல்லாமல் ஓடினாலும் அதே காற்று, டர்போ முழு வேகத்தில் திணித்தாலும் அதே காற்று. டர்போ வந்திருக்கிற சேதி விசிறிக்குத் தெரியவே தெரியாது! ஒவ்வொரு சுற்றிலும் எரிவது கூடிவிட்டது, சூட்டை எடுத்துப் போகும் காற்று கூடவில்லை. மிச்சச் சூடு சிலிண்டர் ஹெட்டிலும் ஆயிலிலும்தான் தங்கும். அந்த ஆயில்தான், நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் டர்போ தண்டையும் காப்பாற்ற வேண்டும். ஏற்கெனவே இரண்டு ஆள் வேலை பார்க்கிறவனிடம் மூன்றாவது வேலையையும் கொடுப்பது இது.

ஏற்கெனவே பட்டவர்கள்

1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே வருடத்தில் இரண்டு டர்போ கார்களை விட்டது. ஒன்று ஷெவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர். 911 போலவே பின்பக்கம் எஞ்சின், ஆறு சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி. அதில் டர்போ வைத்தவர்கள் கம்ப்ரஷனை 8-க்கு 1 என்று குறைத்தார்கள், கிராங்கையும் வால்வுகளையும் வலுவாக்கினார்கள். அந்தக் கார் ஒழுங்காக ஓடியது.

இன்னொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். தண்ணீரால் குளிரும் எட்டு சிலிண்டர் எஞ்சின், ஆனால் கம்ப்ரஷனைக் குறைக்க மனம் வரவில்லை. 10.25-க்கு 1 என்றே வைத்துக்கொண்டு டர்போவை மாட்டினார்கள். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றை எஞ்சினுக்குள் தெளிக்க ஏற்பாடு செய்து, அதற்கு டர்போ ராக்கெட் ஃப்ளூயிட் என்று பந்தாவாகப் பெயரும் வைத்தார்கள். வாங்கியவர்கள் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். தொல்லை மேல் தொல்லை. 1963-உடன் கார் நின்றது. பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள்.

உயர்ந்த கம்ப்ரஷனை அப்படியே வைத்துக்கொண்டு மேலே டர்போ மாட்டுவது என்ற யோசனை, உலகின் பெரிய கார் கம்பெனி ஒன்று செய்து பார்த்துக் கைவிட்டது. இன்று கிட் விற்பவர்கள் அதையே புதுமை என்கிறார்கள்.

போர்ஷேவின் சொந்தக் கதை இன்னும் சுவாரசியம். 1978-ல் மோபி டிக் என்று செல்லப்பெயர் பெற்ற 935/78 பந்தயக் காரில் டர்போவை இன்னும் முறுக்க நினைத்தபோது, சிலிண்டர் ஹெட்டுகளுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கொடுத்தார்கள். எண்பதுகளில் வந்த 450 குதிரைத்திறன் 959-லும் சிலிண்டருக்குக் காற்று, ஹெட்டுக்குத் தண்ணீர். காற்றுக் குளிர்ச்சியையே அடையாளமாக வைத்திருந்த கம்பெனி, ஒரு எல்லைக்கு மேல் காற்று போதாது என்று தன் கைப்படவே எழுதிக் கொடுத்த சாட்சி இது.

எதிர்த்தரப்பு வாதங்கள்

"917/30 காற்றுக் குளிர்ச்சி எஞ்சின்தானே? டர்போவோடு ஆயிரம் குதிரையைத் தாண்டியதே!" தாண்டியது. 1973-ல் மார்க் டோனஹ்யூ அந்தக் காரில் கேன்-ஆம் பட்டத்தையும் வென்றார். ஆனால் அது 5.4 லிட்டர், 12 சிலிண்டர், டர்போவுக்காகவே கம்ப்ரஷன் குறைத்த எஞ்சின். எஞ்சின் தலைமேல் படுத்துக் கிடக்கும் ராட்சச விசிறி வேறு. ஓடி முடித்ததும் பிரித்துப் பார்க்க ஒரு தொழிற்சாலையே பின்னால் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போகும் காருக்கு இதை உதாரணம் காட்டுவது, ஒலிம்பிக் வீரர் 200 கிலோ தூக்கினார் என்று மாமாவைத் தூக்கச் சொல்வது மாதிரி :)

"ஜெர்மனியின் ரூஃப் செய்யவில்லையா?" செய்தது. 1987-ல் வந்த மஞ்சள் நிற CTR, 469 குதிரைத்திறன், மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. ஆனால் ரூஃப் கிட் வாங்கி மாட்டவில்லை. எஞ்சினை 3.4 லிட்டராக்கி, இரட்டை டர்போவுக்கென்று அடியிலிருந்து கட்டி, இரண்டு இண்டர்கூலர் வைத்து, பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் உடம்பையும் மாற்றியது. ரூஃப் சொல்லும் பாடம் கிட் கூட்டத்துக்கு எதிரானது.

"இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. நாக்கிங் வந்தால் சென்சார் கண்டுபிடித்துத் தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும்." கொஞ்சம் வலுவான வாதம் இதுதான். ஆனால் தீப்பொறியைத் தாமதித்தால் எரிவது பிந்துகிறது. பிந்தி எரிந்தால் புகை இன்னும் சூடாக வெளியே போகும். அந்தச் சூட்டைத் தாங்குவது எக்சாஸ்ட் வால்வும் ஹெட்டும் டர்போவும். சக்தியும் குறையும், அதாவது காசு கொடுத்து வாங்கிய குதிரையைக் கம்ப்யூட்டர் திருப்பி எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சூட்டை இடம் மாற்றும், அதை வெளியே கொண்டுபோகாது. 1995-ல் போர்ஷே விட்ட 993 டர்போ காற்றுக் குளிர்ச்சியில் 408 குதிரை கொடுத்தது. அதிலும் நவீன கம்ப்யூட்டர் இருந்தது. இருந்தும் கம்ப்ரஷன் 8-க்கு 1 தான், கூடவே இரண்டு இண்டர்கூலர், நான்கு சக்கர இழுவை. அதே வருடத்து டர்போ இல்லாத கரேராவின் கம்ப்ரஷன் 11-க்கு மேல். கம்ப்யூட்டரை நம்பி பிஸ்டனை விட்டுவிட போர்ஷே தயாராக இல்லை.

"பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாமே, பழையபடி ஆகிவிடும்." குழாயைக் கழற்றலாம். உருகிய பிஸ்டனை எந்த ஸ்பேனரால் கழற்றிப் பழையபடி ஆக்குவது? எழுபதுகளின் 2.7 லிட்டர் 911-களில் மக்னீசிய உடம்பு, டர்போ இல்லாமலேயே சூட்டில் இளகி ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை விட்டுவிடும். அதில் போய் டர்போ மாட்டுகிறவர்களை என்ன சொல்வது?

"என் கார், என் காசு, உனக்கென்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் கார் ஒருவரிடமே நிற்பதில்லை. டர்போவை மாட்டி இரண்டு வருடம் முறுக்கியவர், ஹெட் சோர்ந்ததும் கிட்டைக் கழற்றிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி விற்கிறார். வாங்குகிறவர் பல வருடம் சேமித்த பணத்தோடு வருகிறார். அவருக்கு யார் பதில் சொல்வது?

உயிர் விஷயம்

எஞ்சின் போனால் காசோடு போகும். 911-ல் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் பாதியில் ஆக்சிலரேட்டரை விட்டால் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் லேசாகி வெளியே வீசும். டர்போ இல்லாத காரில் மிதித்த அளவுக்கு உடனே சக்தி வரும், கால் சொல்வதை எஞ்சின் கேட்கும். ஓட்டுபவர் பழகிக்கொள்ளலாம்.

பழைய பாணிப் பெரிய டர்போ அப்படியில்லை. மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒன்றிரண்டு நொடி கழித்து, வளைவின் நடுவில், மொத்தமாக வந்து விழும். பயந்துபோய்க் காலை எடுத்தால் கார் சுற்றிவிடும். அகல டயரோடும் மாற்றிய சஸ்பென்ஷனோடும் வந்த 930-க்கே விதவையாக்கி என்று பட்டப்பெயர் கிடைத்தது. மெல்லிய டயர், பழைய பிரேக், பழைய கியர்பாக்ஸ் உள்ள SC-யில் அதைவிட முரட்டு டர்போவை மாட்டினால் என்ன பெயர் வைப்பார்கள்? எதிரே வருகிறவர் கிட் வாங்கவில்லை, ஆனால் விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

என்னதான் செய்யலாம்?

வேகம் வேண்டும் என்பது குற்றமில்லை. டர்போவோடு பிறந்த 930, 964 டர்போ, 993 டர்போ எல்லாம் இருக்கின்றன, அவற்றை வாங்கலாம். கையில் இருப்பது SC-யோ 3.2-வோ என்றால் முதலில் பிரேக், டயர், சஸ்பென்ஷனைப் புதுப்பிக்கலாம், வேண்டாத எடையைக் கழிக்கலாம். எஞ்சினுக்குச் செலவழித்தே தீருவேன் என்றால் பெரிய பிஸ்டன், நல்ல கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டு பிளக் என்று அந்த எஞ்சினின் சுபாவத்தோடு போகும் வழிகள் இருக்கின்றன.

இல்லை, டர்போதான் வேண்டும் என்றால் போர்ஷே போன வழியிலேயே போக வேண்டும். எஞ்சினை முழுக்கப் பிரித்து, கம்ப்ரஷன் குறைத்த பிஸ்டன் போட்டு, இண்டர்கூலர், கூடுதல் ஆயில் கூலர், ஆயிலை இழுக்கும் பம்ப், தாங்கும் கியர்பாக்ஸ், நிறுத்தும் பிரேக், கற்றுக்குட்டி கையில் விடாத ட்யூனிங் என்று வரிசையாக. அந்தப் பில்லைக் கூட்டிப் பார்த்துவிட்டும் ஒருவர் சரி என்றால் தாராளமாகச் செய்யட்டும். அவரோடு சண்டை இல்லை.

பாதிப் பேர் அந்தப் பில்லைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்கள். கிட் வியாபாரமே அந்தப் பாதிப் பேரை நம்பித்தான் நடக்கிறது. பில்லில் இருக்கும் எல்லாச் செலவையும் அடித்துவிட்டு, டர்போ என்ற ஒரு வரியை மட்டும் விட்டு வைத்து, அதுதான் மொத்த விலை என்று சொல்கிறது. அடித்துவிட்ட செலவுகள் எங்கும் போய்விடவில்லை. பிஸ்டனிலும் ஹெட்டிலும் அடுத்த சொந்தக்காரரின் தலையிலும் கடனாக நிற்கின்றன. ஆகவே கிட் வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை மாட்டினபின் என் எஞ்சினின் கம்ப்ரஷன் எவ்வளவு இருக்கும்? மாறாது என்று பதில் வந்தால், பர்ஸை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிடலாம்.